பத்து நிமிடத் தனிமை

காலை ஐந்து ஐம்பதுக்குப் பிரியந்தன் எழுந்தான். போர்வையை மடித்தான். வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்திருந்த நான்கு பேரை மிதிக்காமல் கடந்து குசினிக்குப் போனான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பல் தீட்டினான். ஆறு கோப்பைகளில் தேநீர் ஊற்றினான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு பல்கனியில் நின்றான். கடற்கரையோரமாகக் கோட்டைக்குப் போகும் ரயில் போனது. அது போய் முடிந்ததும் உள்ளே வந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்யவில்லை. சாவுத் துடக்கு வீட்டில் முப்பத்தொரு நாளும் சவரம் இல்லை. அன்று இருபத்தெட்டாவது நாள்.

இறந்தது அவன் மனைவி நிருஷா. முப்பது வயது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, வேலை செய்த பயண அலுவலகத்தின் மூன்றாவது படியில் விழுந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டதாம். யாருக்கும் எப்போதும் நடக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். பிரியந்தன் தலையாட்டினான். அழவில்லை. அவன் கல்லுப்போல இருக்கிறான் என்று வந்த பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். அது சரியான வர்ணனைதான் என்று அவனுக்கும் பட்டது.

ஒரு விஷயம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை ஏழு மணி கழிந்து, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் குளியலறைக் கதவடியில் வந்து ஏதோ சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. "ஓம்" என்றான். அவள் போய்விட்டாள்.

எதற்கு ஓம் சொன்னான் என்பது அவனுக்குத் தெரியாது. கனடாவுக்குக் குடிபெயரச் சம்மதித்திருக்கலாம். நாய்க்குட்டி வளர்க்க ஒத்துக்கொண்டிருக்கலாம். அவளுடைய கடைசிப் பேச்சுக்கு அவன் கொடுத்த பதில் அவனிடம் இருந்தது, பேச்சுத்தான் இல்லை.

வீட்டில் பொறுப்பு எடுத்திருந்தவர் பொன்னம்பலம். நிருஷாவின் பெரியப்பா. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் கலியாணத்தையும் அவர்தான் முன்னின்று நடத்தினார், இப்போது இதையும். கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவியையும் சொந்தத் தலையணையையும் கொண்டுவந்து இறங்கியவர், இன்னும் திரும்பவில்லை. இரண்டு மாமிமாரும், நிருஷாவின் தங்கை சுபோதினியும் கூட. பெரியப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: தம்பியைத் தனிய விடக்கூடாது. பிரியந்தன் கீழே பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால், தனக்கும் நடக்கவேணும்போல் கிடக்கிறது என்று யாராவது செருப்பைத் தேடுவார்கள். சிந்தித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாமி வந்து வெங்காயம் உரிக்கத் தருவார்.

அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நினைவு மலர் அடித்துக் கொடுக்கவேண்டும். ஜிந்துப்பிட்டியில் தெரிந்த அச்சகம் ஒன்றில் பெரியப்பா அதை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தார். இருபத்தெட்டாம் நாள் காலை அச்சுப் படி வந்தது. நான்காம் பக்கத்தில், 'இறுதி வேளையில் முருகா என்றுரைத்து எம்மை விட்டகன்றாய்' என்று இருந்தது.

"அவ அப்பிடிச் சொன்னவவோ?" என்று பிரியந்தன் பெரியப்பாவைக் கேட்டான்.

"சொல்லாமல் விட்டிருப்பாவோ தம்பி? எங்கட பிள்ளை."

நிருஷா கோயிலுக்குப் போனது முக்கால்வாசியும் வடைக்காக. ஆனால் அவனிடம் மாற்றிப் போட வேறொரு வாசகம் இருக்கவில்லை.

பிறகு பெரியம்மா, தானம் கொடுக்க நிருஷாவின் புதுச் சேலை ஒன்று வேண்டும் என்றார். பிரியந்தன் அலுமாரியைத் திறந்து அடுக்கைத் தூக்கினான். அடியில், துவாயில் சுற்றியபடி மணியம் கிடந்தது.

மணியம் என்பது கைக்குள் அடங்கும் சாம்பல் நிற வட்டக் கருவி. சொல்வதைக் கேட்கும், நினைவூட்டும், பாட்டுப் போடும். பெயர் நிருஷா வைத்தது. கடையில் எடுத்தபோது அது சென்னைத் தமிழில் "சொல்லுங்க சார்" என்றது. அவள் அதை விடவில்லை. மூன்று மாதத்தில் "ஓம்" என்றும், நான்காம் மாதத்தில் "அதைத்தானே முதலே சொன்னனான்" என்றும் சொல்லப் பழகிவிட்டது. யாரோடு இருக்கிறதோ அவர்களைப் போல ஆகிவிடும் என்பதுதான் அந்தச் சாமானின் பெருமை. இன்னொரு பெருமை, பழகியது எதையும் வெளியே கொண்டுபோகாது. இணையத்தில் எங்கேயும் ஏற்றாது. எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே கிடக்கும்.

பிரியந்தன் அதற்காகத்தான் அதை வாங்கினான். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வாடிக்கையாளர் தகவல்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை. மடிக்கணினியின் கமராவில் ஒட்டுத்தாள் ஒட்டுகிற ஆள். மணியத்தின் விதிகளை அவனே இருந்து தெரிவுசெய்தான். எல்லாவற்றிலும் இருக்கிறதில் இறுக்கமானது. ஒருவர் சொல்லிவைத்தது அவருடைய குரலுக்கு மட்டுமே திறக்கும். ஒருவருக்கென்று சொன்னது, அவர் தனியே இருக்கும்போது மட்டுமே அவரிடம் சொல்லப்படும். பத்து நிமிடம் வேறு குரல் காதில் விழக்கூடாது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால் யாருடைய கதையையும் பேசாது. ஒரு குரல் முப்பது நாள் கேட்காவிட்டால் அவருடைய பகுதி முழுவதும் அழியும். இந்த விதிகளை மாற்ற இரண்டு பேரின் குரலும் வேண்டும்.

"இதில எங்கட கலியாணத்தை விடக் கூட நிபந்தனை கிடக்கு" என்று நிருஷா அன்று சொன்னாள்.

மணியம் அலுமாரிக்குப் போனதும் ஒரு கதை. செத்த மறுநாள் காலை, வீடு முழுக்க ஆட்கள் இருந்து அழுதுகொண்டிருக்க, ஆறு பத்துக்கு அது "எழும்புங்கோ, விடிஞ்சிட்டுது" என்று சொல்லி ஒரு குத்துப்பாட்டைப் போட்டது. நிருஷா தினமும் கேட்கிற பாட்டு. எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது சரணம்வரை போய்விட்டது. செத்தவீட்டில் பாட்டு ஆகாது என்று பெரியப்பா ஒரு துவாயைப் போட்டு, பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, சேலைகளுக்கடியில் தள்ளினார். எல்லோரும் மறந்துபோனார்கள்.

பிரியந்தன் அதை மின்சாரத்தில் கொழுவினான். பச்சை வெளிச்சம் வந்தது.

"பிரியந்தன், வணக்கம்" என்றது மணியம். "நிருஷாவின்ர குரல் கேட்டு இருபத்தேழு நாளாகுது. இன்னும் மூண்டு நாளில, காலமை ஏழு பன்னிரண்டுக்கு, அவவின்ர பகுதி அழியும்."

ஏழு பன்னிரண்டு. பிரியந்தன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம். அவள் குளியலறைக் கதவடியில் மட்டும் பேசவில்லை. அதற்குப் பிறகு, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்த மணியத்திடமும் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னவ?"

"அது அவவின்ர பகுதி. உங்களுக்குத் திறக்கேலாது. வேணுமெண்டால் ஊகிச்சுச் சொல்லலாம். அவ உங்களுக்கெண்டு சொல்லி, நான் உங்களிட்டச் சேர்த்ததில நாற்பத்தொண்டு பாணைப் பற்றினது. அதால, 'வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ' எண்டு சொல்லியிருக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பிருக்கு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா திகைத்துப்போனார். "பாணை எப்பிடித் தம்பி நினைவு மலரில போடுறது?"

பிரியந்தனுக்குப் பாணும் வேண்டாம், முருகாவும் வேண்டாம். ஊகம் எல்லோரிடமும் இருந்தது. அவனுக்கு அவள் சொன்னது வேண்டும். மூன்று நாளில் அது உலகத்தில் எங்கேயும் இருக்காது.

முதலில் ஃபோனில் இருந்த அவளுடைய குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினான். பதிவுக் குரல் செல்லாது என்றது மணியம். கலியாண வீடியோவைப் போட்டான். அதுவும் செல்லாது, தவிலும் அதிகம் என்றது.

அன்று பின்னேரம் சுபோதினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். கலியாணம் பேசியிருந்த காலத்தில் ஒருநாள் பிரியந்தன் ஃபோனில் பன்னிரண்டு நிமிடம் சுபோதினியோடு காதல் கதைத்திருக்கிறான். பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் அவள், அக்கா குளிக்கிறா என்று சொன்னாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நல்லாப் போய்க்கொண்டிருந்தது, குழப்ப மனம் வரவில்லை என்றாள்.

இப்போது அவள் மணியத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மணியம், நான் நிருஷா."

"இல்லை."

"தடிமனடா, தொண்டை கட்டிப்போச்சு."

"தடிமன் பிடிச்ச நிருஷாவையும் எனக்குத் தெரியும். நீங்கள் அவவின்ர தங்கச்சியா இருக்கலாம்."

சுபோதினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இருபத்தெட்டு நாளாக அவள் வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் ஒருகணம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாள். ஃபோனில் ஹலோ சொன்னால் எதிர்ப்பக்கத்தில் அழுகிறார்கள். "இந்தச் சாமான் ஒண்டுதான் அத்தான், என்னை நான் எண்டு சொல்லுது."

பிரியந்தன் எழுந்தான். தேநீர் வேண்டுமா என்று கேட்டான். ஓம் என்றாள். ஊற்றிக் கொடுத்தான்.

மறுநாள், இருபத்தொன்பதாம் நாள், மணியத்தை வாங்கிய கொள்ளுப்பிட்டிக் கடைக்குப் போனான். துணைக்குப் பெரியப்பா. விற்ற பொடியன் ஸியாம் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டான். கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. வாங்கிய அன்று பிரியந்தன் அவனை ஒரு மணித்தியாலம் நிற்கவைத்து, உண்மையிலேயே வேறு யாராலும் திறக்க ஏலாதா என்று பதினொரு தடவை கேட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஸியாம் ஏலாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

பிரியந்தன் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். ஸியாம் வாய்க்குள் ஏதோ ஓதினான்.

"எங்களுக்கும் ஏலா அண்ணன், கம்பனிக்கும் ஏலா. ஏலுமெண்டா அண்டைக்கு நீங்க வாங்கீக்க மாட்டீங்களே."

அது நியாயம். வேலையிடத்தில் பிரியந்தனே எத்தனையோ பேருக்கு இதைவிடக் கடுமையான கடிதங்கள் எழுதியிருக்கிறான். தாங்கள் கேட்கும் தகவல் தங்களுக்கு உரியதல்ல என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். அந்த வருத்தம் எந்தக் கடிதத்திலும் உண்மையாக இருந்ததில்லை. ஸியாமுடைய முகத்தில் இருந்தது.

கடை வாசல்வரை வந்த ஸியாம் ஒன்றைக் கேட்டான். "அவங்க உங்களுக்கெண்டு ஏதும் சொல்லி வெச்சீந்தா அது உங்கட சாமான். ஆனா நீங்க கையில வாங்கோணும். வாங்காட்டி அவங்கட பகுதியோட சேர்ந்து அதுவும் போகும். எனக்கு ஏதும் ஈக்கா எண்டு கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை. மணியத்தோடு அவன் கதைப்பதேயில்லை. அது அவளுடைய ஆள். அவளுடைய பகுதியை எப்படித் திறப்பது என்றே இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டான். பெரியப்பா பக்கத்தில் நின்றார். மாமிமார் கதவடியில் நின்றார்கள்.

"மணியம், எனக்கு ஏதும் இருக்கோ?"

"தனிய இருக்கேக்க கேளுங்கோ."

பிரியந்தன் யோசித்தான். "பெரியப்பாவுக்கு ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"மாமிக்கு?"

"இல்லை."

அவன் கதிரையில் உட்கார்ந்தான். இந்த மாதிரியான பதில்களை எழுதித்தான் அவன் சம்பளம் வாங்குகிறான். இல்லாததை இல்லை என்று சொல்லலாம். இருப்பதை இருக்கிறது என்று சொல்லக்கூடாது. அவனுக்கு ஒன்று இருக்கிறது. செத்த அன்றிலிருந்தே இருக்கிறது. மணியம் அதை வைத்துக்கொண்டு, அவன் பத்து நிமிடம் தனியே இருப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. முதல் நாள் எட்டுப் பேரோடு வீட்டுக்கு வந்தான். மறுநாள் அறுபது பேர். பிறகு துவாயும் அலுமாரியும்.

முப்பதாம் நாள், அவன் மணியத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நான்காவது நிமிடத்தில் பெரியம்மா தட்டி, தம்பி, வயிறு சரியில்லையோ என்றார். கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஆறாவது நிமிடத்தில் ஒரு மாமி, ஓமத்தண்ணி கொண்டு வரட்டோ என்றார். மூன்றாவது முறை பெரியப்பாவே வந்துவிட்டார். தட்டவில்லை, கைப்பிடியை ஆட்டினார். பிரியந்தன் வெளியே வந்தான். படுக்கையறையில் முயன்றான். அந்தியேட்டிச் சமையலுக்குச் சாமான் கொண்டுவந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பூசணிக்காயின் விலையைப் பற்றிச் சண்டைபிடித்தார்கள். மணியத்துக்கு நல்ல காது.

கடைசியில் அவன் நேராகவே கேட்டான். எல்லோரும் பத்து நிமிடம் கீழே போய் நின்றால் போதும்.

பெரியப்பா அவனைப் பல்கனிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசுகிறவர், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீர் இன்னும் அழேல்லை. இது நாலாம் மாடி."

பிரியந்தன் பல்கனிக் கம்பியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். முப்பது நாளாக அந்த மனுஷர் வரவேற்பறையில் ஏன் பல்கனிக் கதவோடு ஒட்டிப் பாய் விரித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. எழுபத்திரண்டு வயது; முழங்கால் நோ; காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடம்.

"நான் அப்பிடி ஒண்டும் நினைக்கேல்லை, பெரியப்பா."

"நினைக்கிறவை சொல்லிப்போட்டே நினைக்கிறவை?"

கதை அதோடு நின்றது.

முப்பத்தோராம் நாள் விடிந்தது. முகத்துவாரத்தில் கடற்கரையில் கிரியை. ஐயர் எட்டு மணிக்கு வந்துவிடுவார். ஆறே முக்காலுக்கு வான் கீழே வந்து நின்றது. குடை, செருப்பு, செம்பு, சேலை, நினைவு மலர்க் கட்டுகள் எல்லாம் இறங்கின. கிரியை செய்யவேண்டியவன் பிரியந்தன். அவனில்லாமல் வான் போகாது. வெறும் மேலோடு, வேட்டியோடு, அவன் மணியத்தைப் பழையபடி மேலே வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். நேரம் ஆறு ஐம்பத்தைந்து. பெரியப்பா செருப்புப் போட்டுக்கொண்டு, வாரும் தம்பி என்றார்.

சுபோதினி அறைக்குள்ளிருந்து வந்தாள். பல்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள். திறப்பை எடுத்துப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்தாள். அறை யன்னல்களுக்குக் கம்பி இருந்தது. அதையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். குசினிக் கத்திகளைக் கடதாசிப் பையில் போட்டுக் கையில் எடுத்திருந்தாள். மண்ணெண்ணெய் வீட்டில் இல்லை என்றும் சொன்னாள்.

"இனி என்ன பெரியப்பா? அத்தான் பூசணிக்காயிலயோ தலையை மோதப்போறார்? அக்கா ஏதோ சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. பத்து நிமிஷம் விடுங்கோ."

பெரியப்பா திறப்பைப் பார்த்தார். கத்திப் பையைப் பார்த்தார். பிரியந்தனைப் பார்த்தார். "பத்துத்தான்" என்றார். எல்லோரும் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. முப்பத்தொரு நாளில் முதன்முறையாக அந்த வீட்டில் அவனைத் தவிர ஒருவருமில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு. பிரியந்தன் நின்றான். ஐம்பத்தொன்பது. மூச்சுக்கூட மெதுவாக விட்டான். சரியாக ஏழு மணிக்குக் கீழிருந்து, "தம்பி, இருக்கிறீரோ?" என்று பெரியப்பாவின் குரல் நாலு மாடி ஏறி வந்தது.

மணியத்தின் பச்சை வெளிச்சம் மஞ்சளானது. கணக்கு மறுபடி முதலிலிருந்து.

பிரியந்தன் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்துக் கையசைத்தான், தான் இருப்பதாக. கீழே சுபோதினி பெரியப்பாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்லப் பெரியப்பாவின் கை வாய்க்குப் போனது. இனி ஒரு குரல் கேட்டால் அவ்வளவுதான், நேரம் முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கவேண்டும். அதன் பிறகு வீட்டுக்கு முன்னால் போகும் அந்த ஒழுங்கைக்குப் பெரியப்பா பொலிஸ் ஆகிவிட்டார். வான் சாரதியின் ஃபோனைப் பறித்தார். மாமிமாரை வானுக்குள் ஏற்றிக் கண்ணாடியை உயர்த்தினார். ஏழு நாலுக்கு, ஒழுங்கை முனையில் மீன்காரன் சைக்கிளில் திரும்பினான். தினமும் "மாலு, மாலு" என்று கடலுக்கே கேட்கக் கத்துகிறவன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். முழங்கால் நோவுள்ள மனுஷர் அப்படி ஓடி யாரும் கண்டிருக்கமாட்டார்கள். மீன்காரன் வாயைத் திறக்க முன்பே அவன் தோளைப் பிடித்து, மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார். அவன் ஏதோ கேட்க ஆயத்தமாக, அவசரமாகத் தட்டிலிருந்த ஒரு மீனைச் சுட்டிக்காட்டினார். பிறகு இன்னொன்று. ஒரு சொல்லும் இல்லாமல் வியாபாரம் முடிந்தது. அந்தியேட்டி நாள், மச்சம் படாத நாள், பெரியப்பா நெற்றி நிறையத் திருநீறும் கையில் மீன் பையுமாக நடு ஒழுங்கையில் நின்றார்.

பிரியந்தனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தான். முகத்தில் ஏதோ ஓடியது, துடைத்தான், ஈரமாக இருந்தது. மறுபடியும் துடைத்தான். அது நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, அவன் அப்படியே நின்றான். நேரம் போனது.

ஏழு பத்துக்கு வெளிச்சம் பச்சையானது.

"பிரியந்தன், தனிய இருக்கிறீங்களோ?"

"ஓம்."

"நிருஷா உங்களுக்கெண்டு சொன்னது ஒண்டு இருக்கு. சொல்லட்டோ?"

"பொறு" என்றான். "அவ சொன்னதோ, நீ ஊகிச்சதோ?"

"சொன்னது. ஒரு சொல்லும் மாத்தேல்லை."

"சொல்லு."

"இஞ்சேருங்கோ, ஓம் எண்டிட்டீங்கள், ஆனா நான் கேட்டது உங்களுக்குக் கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். உங்கட நீலச் சேர்ட்டை ராத்திரி அயன் பண்ணேக்க எரிச்சுப்போட்டன். கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறன். ஏசமாட்டீங்கள்தானே எண்டு கேட்டனான். ஓம் எண்டால் ஓம்தான், இனி மாத்தேலாது."